சுங்கை பூலாயில் ஒரு பித்தளை பிறந்தது

சுங்கை பூலாய் தோட்டத்தில் பெண்களுக்கு எந்தக் குறையும் இல்லை என்பது அங்கிருந்த மாதர் பாதுகாப்புக் கமிட்டியின் முடிவு. அம்முடிவு ஒருமனதாக எடுக்கப்பட்டது. கமிட்டியின் உறுப்பினர்கள் அனைவரும் ஆண்கள்.

மருத்துவச்சி ஜெனவீவுக்கு இந்தச் செய்தி தெரியாது. அவள் கிள்ளானில் பயிற்சி பெற்று, அங்கேயே ஒன்பது வருஷம் பிரசவம் பார்த்துவிட்டு, இப்போது ஆற்றுக்கு அக்கரையில் பாசிர் பெனம்பாங்கில் ஓர் அறை எடுத்துத் தங்கி, தோட்டம் தோட்டமாகப் போய்ப் பிரசவம் பார்க்கத் தொடங்கிச் சில வாரங்களே ஆகியிருந்தன. பிறந்த குழந்தையின் எடையைச் சொல்லும்போது அரை அவுன்சைக்கூட விட்டுவிட மனம் வராத பெண். நடந்ததை நடந்தபடி சொல்வதுதான் மருத்துவத்தில் பாதி என்று அவளுக்குக் கற்றுக் கொடுத்திருந்தார்கள். அவளும் அதை நம்பியிருந்தாள்.

மலாயாவில் வெள்ளைக்காரர்கள் அறிவித்த அவசரகாலம் நடந்துகொண்டிருந்தது. தோட்டத்தைச் சுற்றிக் கம்பி வேலி எழும்பி, தொழிலாளர் குடியிருந்த லயங்கள் அனைத்தும் வேலிக்குள் வந்துவிட்டன. காட்டில் பதுங்கியிருந்த கம்யூனிஸ்டுகளுக்குச் சோறு போய்விடக் கூடாது என்பதற்காக, வெளியே போகும் எவரும் வாசலில் சோதிக்கப்பட்டார்கள். அரசாங்கம் கேட்டது அவ்வளவுதான். வாசலில் இருந்த பலகை கமிட்டியின் சொந்தச் சிந்தனை.

காலையில் செல்லன் ஓட்டிய தோட்டத்து லோரியில் ஜெனவீவ் வந்து இறங்கியபோது, அந்தப் பலகையைத்தான் முதலில் பார்த்தாள். வாசல் காவல் கொட்டகையின் சுவரில் ஆளுயரத்துக்கு அது நின்றது. அதில் வரிசை வரிசையாக ஆணிகள். ஒவ்வோர் ஆணியிலும் பெயர் பொறித்த ஒரு பித்தளை வில்லை. அதன் கீழே, ஒரு வளையத்தில் கோத்த சில தகர வில்லைகள். காவலுக்கு நின்ற சன்னாசி என்னும் ஸ்பெஷல் கான்ஸ்டபிள் அவளை மேலும் கீழும் பார்த்தான்.

"மிஸி, உங்க ஆளு யாரு?"

"எனக்கு ஆளா? நான் பிரசவம் பார்க்க வந்தவள்."

"அது சரிங்க மிஸி. ஆனா நீங்க யாரோட ஆளுன்னு கேக்கறேன்."

தான் யாருடைய ஆளும் அல்ல என்று ஜெனவீவ் விளக்கினாள். ஊருக்குப் புதியவர்கள் முதல் நாளில் பேசுவதைக் கேட்கும் பொறுமையோடு சன்னாசி அதைக் கேட்டுவிட்டு, ஒரு தகர வில்லையை எடுத்துச் செல்லனின் பித்தளையோடு கோத்து மாட்டினான். அதை அவள் பொருட்படுத்தவில்லை. அறுவைக் கத்தரி வைத்திருந்த பெட்டியைச் சோதிக்க வேண்டாம் என்று சொல்வதிலேயே அவள் கவனம் இருந்தது.

பலகையின் தத்துவத்தை அவளுக்குப் பிற்பாடு விளக்கியவள் தாயம்மா. பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக்கொட்டகையில் வேலை செய்பவள். பிரசவ வேதனையில் கிடந்த புஷ்பவள்ளிக்கு அடுத்த வீட்டுக்காரி. வெந்நீர் காயும் நேரத்தில், சோறு எப்படி வடிப்பது என்று சொல்பவளைப் போல அவள் அதைச் சொன்னாள்.

மூன்று வருஷத்துக்கு முன்பு ரப்பர் மரத்தில் பால்வெட்டப் போன ஒருத்தியின் வாளிக்கு அடியில் ஒரு சோற்றுப் பொட்டலம் இருந்தது. அது காட்டுக்குப் போகும் சோறா, அவள் மத்தியானத்துக்குத் தின்ன வைத்த சோறா என்பது கடைசிவரை தெரியவில்லை. கமிட்டி கூடி ஆராய்ந்தது. சோறு ஆக்குகிறவர்கள் பெண்கள். ஆகவே சோறு கடத்தக் கூடியவர்களும் பெண்கள். ஆகவே ஒவ்வொரு பெண்ணுக்கும் ஓர் ஆண் பொறுப்பாக வேண்டும். ஆணுக்குப் பித்தளை, பெண்ணுக்குத் தகரம். தாய், மனைவி, மகள் ஆகியோரின் தகரங்கள் உரிய ஆணின் பித்தளையிலேயே தொங்கும். அவன் வெளியே போகும்போது வில்லையை எடுத்துக்கொள்வான். அவனோடு அவர்கள் போகலாம். அவன் திரும்பி வந்து மாட்டினால் அவர்களும் வந்ததாகப் பொருள். காலையில் பெயர் கூப்பிடும் பெரட்டு முடிந்து கூட்டம் வெளியேறும்போது அத்தனை தகரங்களும் கலகலவென்று ஒலிக்கும். கமிட்டித் தலைவரும் தோட்ட ஆபீசில் கணக்கெழுதும் பெரிய கிராணியுமான ஹியூபர்ட், அந்த ஒலி குடும்ப ஒற்றுமையின் ஒலி என்று ஒரு கூட்டத்தில் பேசியிருக்கிறார்.

"இந்தப் புள்ளையோட புருஷன் எங்கே?" என்று ஜெனவீவ் கேட்டாள்.

புஷ்பவள்ளியின் கணவன் அர்ஜுனனை இரண்டு வாரங்களுக்கு முன்பு போலீசார் விசாரணைக்கு அழைத்துப் போயிருந்தார்கள். என்ன விசாரணை என்று யாருக்கும் தெரியாது, அவனுக்கும் தெரிந்திருக்காது. அழைத்துப் போனபோது அவன் ஒழுங்காகத் தன் பித்தளையைப் பலகையிலிருந்து எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போனான். அதோடு கோத்திருந்த புஷ்பவள்ளியின் தகரமும் போயிற்று. ஆகவே பலகைக் கணக்கில் புஷ்பவள்ளி அன்றுமுதல் போலீஸ் நிலையத்தில் இருக்கிறாள். உள்ளே இல்லாதவளுக்கு அரிசி அளக்க முடியாது என்று பங்கீட்டை நிறுத்திவிட்டார்கள். வெளியே இருப்பவள் வெளியே போக முடியாது என்று வேலையும் நின்றுபோயிற்று. தாயம்மா தன் பங்கு அரிசியில் கஞ்சி காய்ச்சி இருவரும் குடித்தார்கள்.

"அக்கா, நீங்க யாரோட ஆணியில இருக்கீங்க?"

"எங்க வீட்டுக்காரரோட ஆணியிலதான் மிஸி."

"அவர் எங்கே வேலை செய்யறார்?"

"அவரு செத்து ரெண்டு வருஷம் ஆச்சுங்க."

ஜெனவீவ் கையைத் துடைப்பதை நிறுத்தினாள். தாயம்மா தொடர்ந்தாள். கணவர் இறந்தபோது அவர் வில்லையைக் கழற்ற வேண்டுமா என்று கமிட்டி யோசித்தது. கழற்றினால் தாயம்மாவின் தகரம் தொங்க இடமில்லை. இடுகாடு வேலிக்குள்ளேயே இருப்பதால் அவர் தோட்டத்தைவிட்டுப் போகவில்லை என்பது தெளிவு. எனவே பித்தளை ஆணியிலேயே இருக்கட்டும் என்று தீர்மானம் ஆயிற்று. "அவரு வெளிய போனாத்தானே நான் போக முடியும். அவரு போறதா இல்ல," என்றாள் தாயம்மா. அதில் அவள் யாரையும் குறை சொன்னதாகத் தெரியவில்லை.

குழந்தை மதியத்தில் பிறந்தது. நல்ல அழுகை, நல்ல நிறம், பெண். ஜெனவீவ் அதைத் துடைத்துத் தாயம்மாவின் கையில் கொடுத்துவிட்டுத் தாயின் பக்கம் திரும்பினாள். அதன்பிறகு வெகுநேரம் அவள் திரும்பவில்லை. நச்சுக்கொடி இறங்கவில்லை. வயிற்றைத் தேய்த்துப் பார்த்தாள். குழந்தையை மார்பில் போட்டுப் பார்த்தாள். பயிற்சியில் சொல்லிக் கொடுத்த எல்லாவற்றையும் சொல்லிக் கொடுத்த வரிசையில் செய்து பார்த்தாள். இரத்தம் அதிகமாக இல்லை, ஆனால் நிற்கவும் இல்லை. புஷ்பவள்ளியின் உதடு வெளுத்துவிட்டது. என்ன குழந்தை என்று கேட்கும் தெம்புகூட அவளுக்கு இல்லை. இனி டாக்டரின் கைதான் வேண்டும். தோட்டங்களுக்குப் பொதுவான குரூப் ஆஸ்பத்திரி பத்தாங் பெர்ஜுந்தை சாலையில் இருந்தது. லோரியில் போனால் தூரமில்லை. ஆறு மணிக்கு வாசல் மூடிவிட்டால் மறுநாள் விடியும்வரை திறக்காது. அதுவரை இவள் தாங்க மாட்டாள் என்பது ஜெனவீவுக்கு ஐயமறத் தெரிந்தது.

அவள் வாசலுக்கு ஓடினாள். செல்லனின் லோரி இல்லை. ரப்பர் பாளங்களை ஏற்றிக்கொண்டு போய்விட்டது. கடைச் சரக்கு இறக்கிவிட்டுத் திரும்பும் வேறொரு லோரி நின்றது. அதன் ஓட்டுநர் காசு வேண்டாம், ஏற்றிக்கொள்ளுங்கள் என்றார். சன்னாசிதான் குறுக்கே நின்றான்.

"மிஸி, நீங்க போயிட்டீங்களே," என்றான்.

"நான் உங்க முன்னாடிதானே நிற்கிறேன்."

"நிக்கிறீங்க. ஆனா செல்லன் அண்ணன் வில்லையை எடுத்துக்கிட்டுப் போனாரு. அதுல உங்க தகரமும் போயிருச்சு. பலகையப் பாருங்க." வெறும் ஆணியைக் காட்டினான். "புஷ்பவள்ளியும் போயி ரெண்டு வாரம் ஆச்சு. போனவங்கள எப்படிலா மறுபடி வெளிய அனுப்புறது?"

இந்த ஓட்டுநரோடு போகிறோம் என்றாள். வெளியாள் தான் அழைத்து வந்த பெண்ணை மட்டுமே அழைத்துப் போகலாம் என்றான். அவசரம் என்றாள். அவசரம் என்றால் கமிட்டியைக் கூட்டச் சொல்லி மணியடிக்கலாம் என்றான், அடிக்கவும் செய்தான். அவன் கெட்டவன் இல்லை. கயிற்றை இழுத்தபோது அவன் முகத்தில் உண்மையான கவலை இருந்தது. அந்தக் கவலையோடேயே அவன் வழியை மறித்து நின்றான்.

தோட்ட நிர்வாகியான துரை கிள்ளானுக்குப் போயிருந்ததால் கமிட்டி முழு அதிகாரத்தோடு ஆபீசில் கூடியது. ஹியூபர்ட் நடுவில் உட்கார்ந்தார். வெள்ளைக் கால்சட்டை, வெள்ளைச் சட்டை, சட்டைப் பையில் இரண்டு பேனாக்கள். அவரருகில் தொழிலாளரை மேற்பார்க்கும் மண்டோர் காளியண்ணன். கமிட்டியில் மாதர் பிரதிநிதி அவர்தான். மற்ற மூவரும் ஆமோதிப்பதற்காக நியமிக்கப்பட்டவர்கள். ஹியூபர்ட் தன்னைப் போலவே மாதா கோயிலுக்குப் போகிறவர் என்று அறிந்து ஜெனவீவுக்குக் கொஞ்சம் நம்பிக்கை வந்தது. தாயம்மாவும் குழந்தையைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு பின்னாலேயே வந்து நின்றாள். அவளுக்குப் பதிலாக இன்னொருத்தி புஷ்பவள்ளியின் அருகில் இருந்தாள்.

ஹியூபர்ட் எழுந்து, முதலில் வரவேற்றார். பிறகு, வரவேற்கலாமா என்பதே கேள்வி என்றார். "இத்தோட்டத்தில் இப்போது இல்லாத இரண்டு பெண்களைப் பற்றிப் பேசுவதற்காக நாம் கூடியிருக்கிறோம். இல்லாதவர்களைப் பற்றி அவர்கள் முன்னிலையில் பேசுவது நாகரிகமா என்பதை உறுப்பினர்கள் சிந்திக்க வேண்டும்."

உறுப்பினர்கள் சிந்தித்தார்கள். சிந்தனைக்குச் சிறிது நேரம் போயிற்று. இல்லாதவர்கள் என்று வைத்துக்கொண்டே பேசலாம் என்று முடிவாயிற்று.

ஜெனவீவ் விஷயத்தைச் சொன்னாள். நச்சுக்கொடி என்ற சொல்லை அவள் உச்சரித்ததும் ஹியூபர்ட் பேனாவால் மேசையைத் தட்டினார். ஆண்கள் கூடிய சபையில் அத்தகைய சொற்கள் பெண்மையின் கண்ணியத்துக்கு ஊறு விளைவிக்கும் என்றார். பெண்மையின் கண்ணியத்தைக் காப்பதே இக்கமிட்டியின் நோக்கம் என்றும் நினைவூட்டினார். ஆகவே மருத்துவச்சி கதவுக்குப் பின்னால் நின்று பேசும்படி கேட்டுக்கொள்ளப்பட்டாள். அவள் கதவுக்குப் பின்னால் போய் நின்று மறுபடியும் அதையே சொன்னாள். கதவுக்குப் பின்னால் நிற்பவர் பேசுவது சரியாகக் கேட்கவில்லை என்று ஓர் உறுப்பினர் குறைப்பட்டார். எனவே கதவருகே நின்று கேட்டு, கேட்டதைக் கண்ணியமான சொற்களில் சபைக்கு எடுத்துரைக்க மாதர் பிரதிநிதி நியமிக்கப்பட்டார்.

"இரத்தம் நிற்கவில்லை. கொடி உள்ளேயே தங்கிவிட்டது. டாக்டர் கைவைத்து எடுக்காவிட்டால் இறந்துவிடுவாள்," என்றாள் ஜெனவீவ்.

காளியண்ணன் சபைப் பக்கம் திரும்பினார். "அந்தப் பொண்ணுக்குக் கொஞ்சம் அசதியா இருக்குதாங்க ஐயா."

அசதிக்கு ஓய்வுதான் மருந்து என்று ஓர் உறுப்பினர் கருத்துத் தெரிவித்தார். கதவுக்குப் பின்னாலிருந்து ஜெனவீவின் குரல் உயர்ந்தது. அதற்குக் கண்ணியமான சொல் கிடைக்காததால் காளியண்ணன் அதை எடுத்துரைக்கவில்லை. ஆனால் அவர் நெஞ்சு லேசாக இளகியிருக்க வேண்டும். தன் வீட்டிலேயே மூன்று பெண்கள் தன் வில்லையில் தொங்குவதாகவும், அவர்களில் ஒருத்தியும் இதுநாள்வரை ஒரு குறையும் சொன்னதில்லை என்றும், ஆகவே பெண்கள் மனம் தனக்கு நன்றாகத் தெரியும் என்றும் பேசினார்.

"அவர்களைக் கேட்டிருக்கிறீர்களா?" என்றது கதவு.

"கேட்டா சொல்லிருவாங்களே மிஸி," என்றார் காளியண்ணன்.

பிறகு சபை உரிய பிரச்சினைக்கு வந்தது: இவர்களுக்குப் பொறுப்பேற்கும் ஆண் யார்? ஹியூபர்ட் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். ஒவ்வொரு முகமும் கூரையைப் பார்த்தது. விசாரணையில் இருப்பவனின் மனைவிக்குப் பொறுப்பேற்பது லேசான காரியமில்லை. தலைவரே அதை விளக்கினார். "எனக்கு இரக்கம் இல்லை என்று யாரும் எண்ண வேண்டாம். இரக்கம் நிறைய இருக்கிறது. ஆனால் இரக்கம் இருப்பது வெளியே தெரிந்தால், எங்கிருந்து வந்தது, யாருக்காக வந்தது என்று மேலிடத்தில் கேட்பார்கள். ஆதலால் நான் அதை இத்தனை வருஷமாக வீட்டிலேயே வைத்துவிட்டு வருகிறேன்."

உறுப்பினர்கள் கை தட்டினார்கள்.

அப்போது ஒருவர், தாயம்மாவின் காலஞ்சென்ற கணவரை நியமித்தால் என்ன என்று கேட்டார். இந்த யோசனை நன்கு வரவேற்கப்பட்டது. அவர்மேல் இதுவரை எந்தப் புகாரும் இல்லை. காட்டாரோடு தொடர்பு வைத்துக்கொள்ளப்போவதில்லை. மறுப்பும் சொல்ல மாட்டார். அவர் வில்லையில் இடமும் இருந்தது. அவர் வாசல்வரை நடந்து வர இயலாது என்பதை வெகுநேரம் கழித்து ஹியூபர்ட்தான் கண்டுபிடித்தார். தலைவர் என்றால் தலைவர்தான் என்று காளியண்ணன் பாராட்டினார்.

வெயில் சாய்ந்து ஆபீஸ் சன்னலில் கம்பி வேலியின் நிழல் விழுந்தது. ஜெனவீவ் கதவின் பின்பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பச்சைச் சாயம் பூசிய சாதாரணக் கதவு, தாழ்ப்பாள்கூடப் போடவில்லை. ஒரு விரலால் தள்ளினால் திறந்துவிடும். ஆனால் திறந்து உள்ளே போனால் கண்ணியத்துக்காக மறுபடி கதவுக்குப் பின்னால் அனுப்புவார்கள். மறுபடி எல்லாம் தொடக்கத்திலிருந்து ஆரம்பிக்கும். ஒரே ஒரு பகல் அவள் இந்தத் தோட்டத்தில் இருந்திருக்கிறாள். அதற்குள், சத்தம் போட்டால் காரியம் கெடும் என்று கணக்குப் போடப் பழகிவிட்டாள். அது அவளுக்கு வேலியைவிடப் பயமாக இருந்தது.

தாயம்மா அவள் காதருகே வந்தாள். கிராணி ஐயாவின் தங்கை சென்ற வருஷம் ஜெராமில் ஒரு கல்யாணத்துக்குப் போக வேண்டியிருந்தது. அவள் புருஷனோ காய்ச்சலில் கிடந்தான். அப்போது அவளுடைய ஆண் கைக்குழந்தைக்கே ஒரு பித்தளை அடித்துக் கொடுத்துப் பொறுப்பாளராக்கி அனுப்பினார்கள். "ஆம்பளைன்னா ஆம்பளைதான், வயசு என்ன வயசுன்னு கமிட்டியில எழுதிட்டாங்க மிஸி," என்று கிசுகிசுத்துவிட்டு, கையிலிருந்த துணிச் சுருளை மெல்ல ஆட்டினாள். 

உள்ளே ஹியூபர்ட் வேறு வழி காணாமல், கூட்டத்தை ஒரு நல்ல வார்த்தையோடு முடிக்க எண்ணினார் போலும். "அது சரி, பிறந்திருப்பது என்ன குழந்தை?"

ஜெனவீவ் குழந்தையைப் பார்த்தாள். ஒன்பது வருஷத் தொழிலில் ஒரு பிறப்பைப் பற்றி அவள் ஒரு பொய்யும் சொன்னதில்லை. அடுத்த ஞாயிறு பங்குச் சாமியாரிடம் பாவமன்னிப்புக் கேட்கும்போது இதை எந்த வாக்கியத்தில் சொல்வது என்றுகூட ஒரு கணம் யோசித்தாள். பிறகு பயிற்சியில் கற்றுக்கொண்ட அதே தெளிவான குரலில் சொன்னாள்.

"ஆண். ஆறு ராத்தல், மூன்று அவுன்சு."

எடை சரியான எடைதான்.

கமிட்டி உயிர்பெற்று எழுந்தது. உறுப்பினர்கள் ஒருவருக்கொருவர் கை குலுக்கிக்கொண்டார்கள். கதவு திறக்கப்பட்டுப் பொறுப்பாளர் உள்ளே அழைத்து வரப்பட்டார். பெயர் பொறிக்க வேண்டியிருந்ததால், தந்தைவழிப் பாட்டனாரின் பெயரான உடையப்பன் என்பதைக் காளியண்ணன் முன்மொழிந்தார். பட்டறையிலிருந்து சூடு ஆறாத பித்தளை வந்து சேர்ந்தது. சடங்கில் எதையும் குறைக்கக் கூடாது என்பதில் ஹியூபர்ட் உறுதியாக இருந்தார். தமது பொறுப்பில் வரும் பெண்களின் நடத்தைக்கு உடையப்பன் உத்தரவாதம் அளிக்கிறாரா என்று கேட்டார். காட்டாரோடு தமக்குத் தொடர்பில்லை என்று உறுதி கூறுகிறாரா என்று கேட்டார். உடையப்பன் தூங்கிக்கொண்டிருந்தார். மறுப்பேதும் வரவில்லை என்று குறிப்பாயிற்று.

பிறகு ஹியூபர்ட் அவருக்கு அறிவுரை வழங்கினார். "தம்பி, பெண்கள் பலவீனமானவர்கள். அவர்களைத் தனியே விடாதே. எங்கே போகிறாய் என்று கேள். போக வேண்டாம் என்று சொல். அவர்கள் உன்னைச் சுமந்தார்கள் என்பதற்காக நீ தளர்ந்துவிடாதே. என் தாயும் என்னைச் சுமந்தவள்தான். அவள் தகரம் இன்றும் என் வில்லையில்தான் தொங்குகிறது." சொல்லும்போது அவர் குரல் தழுதழுத்தது. உடையப்பன் கொட்டாவி விட்டார்.

புஷ்பவள்ளிக்கும் ஜெனவீவுக்கும் பால் டின் மூடியை வெட்டித் தற்காலிகத் தகரங்கள் செய்தார்கள். பொறுப்பாளருக்குத் தலை நிற்கவில்லையாதலால் அவரைத் தூக்கிச் செல்ல ஆள் வேண்டும்; தூக்குபவளும் அவர் பொறுப்பிலேயே இருக்க வேண்டும் என்பது விதி. தாயம்மா முன்வந்தாள்.

"உன் கணவர் சம்மதிப்பாரா?" என்று ஹியூபர்ட் கேட்டார்.

"ஒன்னும் சொல்ல மாட்டாருங்க ஐயா. உசுரோட இருக்கும்போதுதான் சொல்லுவாரு."

அவள் தகரம் இறந்தவரின் ஆணியிலிருந்து இறங்கி, சற்றுமுன் பிறந்தவரின் வளையத்தில் ஏறியது.

சரக்கு லோரி இன்னும் நின்றுகொண்டிருந்தது. புஷ்பவள்ளியை ஒரு மரப்பலகையில் கிடத்தித் தூக்கி வந்து ஏற்றினார்கள். அவள் கண் திறந்திருந்தது, பார்வை இல்லை. வாசலில் பெண்களைச் சோதிக்கும் கொட்டகையில் ஒருத்தி மூவரையும் தடவிப் பார்த்து அனுப்பினாள். அடுத்து, ஆண்களைச் சோதிக்கும் பக்கத்திலிருந்து சன்னாசி உரக்க அழைத்தான்.

"உடையப்பன்."

ஜெனவீவ் துணிச் சுருளின் பக்கம் ஓரடி வைத்தாள். இதை அவள் எண்ணிப் பார்க்கவில்லை. துணிச் சுருளில் அரிசி கட்டிக் கடத்தியவர்கள் உண்டாதலால், வெளியேறும் ஆண் எவராயினும் துணியை அவிழ்த்துப் பார்த்தே தீர வேண்டும். கைக்குழந்தைதானே என்றாள். சன்னாசி பணிவாக, ஆம்பளைகளுக்குத் தனிச் சலுகை கிடையாது என்றான். தாயம்மா மேசைமேல் குழந்தையை வைத்துவிட்டு ஓரடி விலகி நின்றாள். அவன் முதல் சுற்றைப் பிரித்தான். இரண்டாவதைப் பிரித்தான். மூன்றாவதையும் பிரித்தான்.

பிரித்துவிட்டு அப்படியே நின்றான்.

வாசலில் தொங்கிய விதிப்பலகை அவன் தலைக்கு நேர் மேலே இருந்தது. அதை அவன் தினமும் படித்தவன். பெண் ஒருத்தியை ஆண் ஒருவன் சோதித்தது தெரியவந்தால், அவன் பித்தளை பறிக்கப்படும். அவனுக்குத் தகரம் வழங்கப்படும். அத்தகரம் கமிட்டி குறிப்பிடும் வேறோர் ஆணின் வில்லையில் தொங்கும். தோட்டத்தில் தூக்குத் தண்டனைக்கு அடுத்தபடி ஆண்கள் அஞ்சியது இதற்குத்தான். சன்னாசி குழந்தையைப் பார்த்தான். விதியைப் பார்த்தான். மறுபடி குழந்தையைப் பார்த்தான். தான் பார்த்ததைச் சொன்னால், பார்த்ததற்குத் தண்டனை. ஆகவே தான் பார்த்தது ஆணாக மட்டுமே இருக்க முடியும். இவ்வளவையும் அவன் நினைத்து முடிக்க ஓர் ஈ மேசையைச் சுற்றிவரும் நேரம் ஆயிற்று.

துணியை மூன்று சுற்றும் முன்பிருந்ததைவிட இறுக்கமாகச் சுற்றினான்.

"ஒரு மணி அரிசிகூட இல்ல," என்றான் பின்னால் நின்ற கமிட்டிக்குக் கேட்கும்படி. பிறகு தாயம்மாவின் முகத்தைப் பார்க்காமல் தாழ்ந்த குரலில், "வேகமாப் போகச் சொல்லுங்கக்கா," என்றான். விதிப்படி வாசலைப் பார்த்து மீண்டும் கத்தினான். "உடையப்பன், வெளியே."

உடையப்பன் தம் பெண்கள் மூவரோடு வெளியேறினார்.

சாலை நெடுகப் பால்மரங்கள் வரிசை தப்பாமல் ஓடின. ஜெனவீவ் புஷ்பவள்ளியின் அடிவயிற்றை அழுத்திப் பிடித்தபடி குனிந்திருந்தாள். தாயம்மா முன்னால் பார்க்கவில்லை. தட்டியைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே பார்த்தாள். இரண்டு வருஷமாக உள்ளிருந்தே பார்த்த வேலி, வெளியிலிருந்து பார்த்தால் இவ்வளவு சின்னதா என்று கேட்டாள்.  "நாளைக்கு சாயந்திரத்துக்குள்ள இவரு திரும்பியாகணுமாம்," என்று மடியிலிருந்தவரைக் காட்டிச் சொன்னாள்.

குரூப் ஆஸ்பத்திரியில் விளக்குகள் எரிந்தன. டாக்டர் கையுறை மாட்டிக்கொண்டு தயாராக இருந்தார். வெளியே மேசையிலிருந்த ஆஸ்பத்திரிக் கிராணி மட்டும் தலைநிமிராமல் கேட்டார். மயக்க மருந்து கொடுக்க வேண்டும், கணவர் எங்கே? கணவர் இல்லையென்றால் தகப்பனார்? அண்ணன் தம்பி? ஒப்புக்கொள்ள ஓர் ஆண் வேண்டுமே. நோயாளி தன் உடம்புக்குத் தானே ஒப்பம் கொடுக்கும் வழக்கம் இங்கே இல்லை.

வேலி வாசலோடு முடிந்துவிட்டது என்று ஜெனவீவ் எண்ணியிருந்தாள். கத்துவதற்காக வாயைத் திறந்தாள். பிறகு மூடிக்கொண்டாள். தாயம்மாவிடமிருந்து குழந்தையை வாங்கி, கழுத்துக் கயிற்றிலிருந்த பித்தளை மேலே தெரியும்படி மேசைமேல் வைத்தாள்.

கிராணி வில்லையைத் திருப்பிப் படித்தார். "உடையப்பன். நோயாளிக்கு என்ன உறவு?"

"மகன்."

"கையெழுத்துப் போடுவாரா, கைநாட்டா?"

"கைநாட்டு."

மைப்பெட்டி திறக்கப்பட்டது. கட்டைவிரல் மிகச் சிறியது. ஆனாலும் தாளில் தெளிவாகவே பதிந்தது. கதவு திறந்து புஷ்பவள்ளியை உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள்.

விடிந்த பின்புதான் அவள் கண் விழித்தாள். உதட்டில் கொஞ்சம் நிறம் திரும்பியிருந்தது. கட்டிலின் இரு பக்கமும் ஜெனவீவும் தாயம்மாவும் உட்கார்ந்திருந்தார்கள். குழந்தை அவள் விலாவோடு ஒட்டிக்கொண்டு பால் தேடியது.

"என்ன புள்ள மிஸி?" என்றாள்.

ஜெனவீவ் வார்டை ஒருமுறை பார்த்துவிட்டுக் குனிந்தாள். "பொண்ணு," என்றாள். அந்தப் பிறப்பைப் பற்றி அவள் சொன்ன முதல் முழு உண்மை அதுதான். பின்பு, பலகை, கதவு, பித்தளை, மேசை ஆகியவற்றை நடந்த வரிசையில் சொல்லி முடித்தாள்.

புஷ்பவள்ளி சிரிக்கவில்லை. அழவும் இல்லை. பித்தளை வில்லையை விரலால் தடவி, அதில் கோத்திருந்த தகரங்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். தன்னுடையது, மிஸியுடையது, அக்காவுடையது. குழந்தைக்கென்று தகரம் எதுவும் அதில் இல்லை.

"அப்ப இந்த வில்லையக் கழட்டிராதீங்க," என்றாள்.

தாயம்மா ஏற்கெனவே அந்தக் கயிற்றில் இரண்டாவது முடிச்சைப் போட்டிருந்தாள்.